கருப்பன் நின்ற நாள்

கருப்பன் இருக்கும் அறைக்குள் யார் போனாலும் கதவோரக் கொக்கியில் கிடக்கும் ஸ்வெட்டர்களில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டுதான் போவார்கள். வெளியே வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும், உள்ளே கொடைக்கானல். தாமரைச்செல்வி மட்டும் சில மாதங்களாக வெறும் சேலையோடு உள்ளே போய், வேலையை முடித்துவிட்டு, வெறும் சேலையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். அதை அவளே கவனிக்கவில்லை. தரை துடைக்கும் மலையம்மாள்தான் கவனித்தாள்.

"குளிரலையா தாயி?"

"குளிருதா என்ன?" என்று தாமரைச்செல்வி திருப்பிக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சமயநல்லூருக்கும் பரவைக்கும் நடுவே, திண்டுக்கல் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற பொறியியல் கல்லூரி அது. அதன் கடைசிக் கட்டடத்து வாசலில் 'மீத்திறன் கணினி மையம்' என்று பலகை இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் வாட்ச்மேனுக்கே விளங்காது. கருப்பன் அறை என்றால் கையை நீட்டுவார். ஆள் உயரத்துக்குக் கறுத்த இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்க, உள்ளுக்குள் பச்சை விளக்குகள் கண் சிமிட்டுவதை முதல்நாள் பார்த்த எலெக்ட்ரீஷியன் கருத்தக்கண்ணன், "எல்லையில நிக்கிற சாமி மாதிரியில்ல நிக்குது, கருப்பன்தான்" என்றார். "உம் பேரையே வச்சுட்டியேய்யா" என்று பேராசிரியர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு மின்னஞ்சலிலும் கருப்பன் என்றுதான் எழுதினார்கள்.

தாமரைச்செல்வி பரவைக்காரி. அப்பாவுக்குக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அம்மா விளைந்ததைப் பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். டவுனில் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். வெளிநாட்டுக்காரன் பெரிய கம்ப்யூட்டரை நமக்கு விற்க மாட்டேன் என்று கையை விரித்தபோது, புனேயில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் சில்லுகளைக் கூட்டாகக் கட்டி 'பரம்' என்று ஒன்றை நம் ஆட்களே செய்துவிட்ட கதையை அங்கேதான் ஒரு டீச்சர் சொன்னார். ராட்சச மூளை ஒன்று தேவையில்லை, சாதாரண மூளைகள் பலவற்றை ஒரே வேலையில் பூட்டிவிட்டால் போதும் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. பிறகு இந்தக் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற காலத்துக் கம்ப்யூட்டர்களைத் துடைத்தாள். அவற்றுக்கு வயதாகிக் கழித்துக் கட்டியபோது, அவளும் கருத்தக்கண்ணனும் அவற்றை இரும்புச் சட்டத்தில் அடுக்கி, ஒன்றோடொன்று கேபிள் மாட்டி, நான்கு பக்கமும் டேபிள் ஃபேன் வைத்து, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைத்தார்கள். அதுதான் கருப்பனுக்கு முந்தின கருப்பன். அதைக் காட்டித்தான் கல்லூரி டெல்லியில் நிதி கேட்டு வாங்கியது. உண்மையான கருப்பன் லாரியில் வந்து இறங்கினான்.

எதற்கு அது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் உண்டு. மருந்து செய்கிறவர் ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இஞ்சினுக்குள் தீ எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். பெய்த மழையை மறுபடி பெய்யவிட்டுப் பார்க்க வேண்டும். நிஜத்தில் செய்ய முடியாததைக் கணக்கில் செய்து பார்க்கிற இடம். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் பேரன் காலத்தில்தான் விடை வரும்.

அவள் வீட்டுக்காரர் ஜெயபாண்டி சமயநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். இந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி கிடையாது. "எங்க மோட்டாரு ஓடுனா தண்ணி வரும். ஒங்க கருப்பன் ஓடுனா என்ன வரும்?" என்பார். "சூடு வரும்" என்பாள் இவள். அது பொய்யும் இல்லை. அலமாரிகளுக்கு முன்னால் நின்றால் பல் கிட்டும். பின்னால் போனால் அடுப்புக் காற்று அடிக்கும். மலையம்மாள் தரை துடைத்த துணியை அங்கேதான் காயப்போடுவாள்.

பங்குனியில் ஒரு நாள், கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயபாண்டி பெஞ்சில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தாமரைச்செல்வி வேலைக்கு வந்துவிட்டாள். வந்திருக்க வேண்டாமே என்றார்கள். வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

அழவில்லை. அழுகையை அடக்கினாள் என்று சிலர் பெருமையாகச் சொன்னார்கள். அடக்குவதற்கு எதுவும் வரவில்லை என்பதுதான் நிஜம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யா தினமும் போன் செய்து "சாப்ட்டியாம்மா" என்பாள். "சாப்ட்டேன்." "என்ன சாப்ட்ட?" அதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டு முன்னால் ஜெயபாண்டியின் டி.வி.எஸ். எக்ஸெல் அவர் நிறுத்திய இடத்திலேயே பிளாஸ்டிக் சாக்கு போர்த்தி நின்றது. விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் சொன்னார். சரி என்றாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. வண்டி நின்றது.

ஆராய்ச்சி மாணவன் ஜெர்சனின் பெரிய ஓட்டம் தொடங்கியது புரட்டாசியில். ஞானஒளிவுபுரத்துப் பையன், அம்மா ஆனிமேரி மிஷன் பள்ளி டீச்சர். நாகமலைக்கும் வைகைக்கும் நடுவே கிடக்கிற சமவெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, முன்பு பெய்த ஒரு பேய்மழையை அதன்மேல் கருப்பனுக்குள் மறுபடி பெய்யவிட்டு, எந்தக் கண்மாய் எப்போது நிரம்பும், தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று பார்ப்பது அவனுடைய ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் ஏற்கெனவே அவனுக்குத் தவணை நீட்டியாகிவிட்டது. கார்த்திகைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே காலாவதி. பட்ட பாடெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான். ஓட்டம் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பின்னால் எழுதவும் நாள் வேண்டும். கயிறு மாதிரி இழுத்துப் பிடித்த கணக்கு.

இப்படி நீளமாக ஓடும் வேலைகளை நடுநடுவே ஓரிடத்தில் சேமித்து வைப்பது வழக்கம். வழியில் நின்றால் அந்த இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அந்த மாதம் சேமிப்பு வட்டுகள் நிரம்பிவிட்டன. இடத்தை அடைக்காதீர்கள் என்று தாமரைச்செல்வி எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டிருந்தாள். மற்றவர்கள் அதைப் படிக்கவே இல்லை. ஜெர்சன் படித்தான். மேடம் சொல்லிவிட்டார்கள் என்று நடுச்சேமிப்பை நிறுத்திவிட்டான்.

ஆயுத பூஜை வந்தது. அந்த மையத்தில் அது பெரிய விசேஷம். வருஷத்தில் ஒரு நாள் கருப்பனை அணைத்து ஓய்வு கொடுத்து, அலமாரிக்கு அலமாரி சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, கருத்தக்கண்ணன் தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு ஒரு சுற்று வருவார். இந்த வருஷம் ஜெர்சனுக்காக அணைக்க வேண்டாம் என்று முடிவானது. "ஓடுற பஸ்ஸுக்கே மாலை போடுறோம், இதுக்குப் போட்டா என்ன" என்றார் மையத்தின் தலைவர் பேராசிரியர் ராஜபாண்டி. இந்து அல்லாத ஜெர்சன்தான் எல்லோரிலும் அதிகமாக நன்றி சொன்னான்.

இன்னொரு முடிவும் ஆனது. அதை யாரும் முடிவு என்று சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வருஷம் திரும்புகிற வரை பண்டிகை கிடையாது. பூஜை நடக்கிற இடத்தில் தாமரைச்செல்வி எப்படி நிற்பாள்? ராஜபாண்டி பக்குவமாக, ரெண்டு நாள் வீட்டில் ஓய்வெடுங்களேன் என்றார். மலையம்மாள் பக்குவம் பார்க்கவில்லை.

"பொட்டில்லாம நீ ஒரு ஓரமா நின்னா, பாக்குற எங்களுக்குத்தான் சுண்டல் எறங்காது தாயி. வீட்டுல இரு. நா கருப்பனைப் பாத்துக்கிறேன்."

அதில் வஞ்சம் இல்லை. தாமரைச்செல்விக்கும் வருத்தம் இல்லை. சரி என்றாள். அந்த மாதங்களில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

கருப்பன் அறையின் கதவருகே சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. உள்ளே புகை வாடை அடித்தால் சங்கு ஊதி, மின்சாரத்தைத் துண்டித்து, தீயணைப்பு வாயுவை அறை முழுக்க அடித்துவிடும். பூஜையன்று அதை உறங்க வைக்க ஒரு சாவி. கருப்பன் வந்த வருஷமே, பொருத்த வந்த ஆள் சாவியை அவள் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொரு பூஜைக்கும், தூபக்கால் வாசலுக்கு வருவதற்குள் அவள் போய்ச் சாவியைத் திருப்பிவிடுவாள். புகை கலைந்ததும் மறுபடி திருப்பி வைப்பாள். வீட்டில் பால் பொங்குவதற்குள் அடுப்பைச் சிம்மில் வைப்பது மாதிரி ஒரு வேலை. யாரும் பார்த்ததில்லை, அவளும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பூஜையன்று காலை, தலைவலி மாத்திரைக்காகக் கைப்பையைக் கொட்டியபோது அடையாள அட்டையும் அதன் கயிற்றில் கோத்திருந்த அந்தச் சாவியும் பாயில் விழுந்தன. தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். அவள் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அது என்ன சாவி என்று தெரிந்தது. இன்று என்ன நாள் என்பதும் தெரிந்தது. தெரிந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அப்படியே கிடந்தன. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். மாத்திரையை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

மதியச் சோறு வடிக்கும்போது கருத்தக்கண்ணன் கூப்பிட்டார்.

"யக்கா, கருப்பன் நின்னுருச்சுக்கா. சங்கு ஊதுது பாரு."

போனுக்குள் அது கேட்டது. உள்ளே யாரும் மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டாள். எல்லோரும் ஓடி வந்துவிட்டதாகவும், பொரித்தட்டு மட்டும் உள்ளே இருப்பதாகவும் சொன்னார். அப்போதுதான் பாயில் கையில் எடுத்த சாவி அவளுக்குச் சாவியாகத் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் போகும்போது சங்கை நிறுத்தியிருந்தார்கள். வாயு வெளியேறக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அலமாரிகளில் சந்தனப் பொட்டு புதுசாக இருந்தது. விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. தகரக் கூரையில் விடாமல் மழை பெய்கிற மாதிரி எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த அறை அது. இப்போது தரையில் சிதறிக் கிடந்த பொரி அவள் செருப்பில் நொறுங்குவதுகூடக் கேட்டது. கருத்தக்கண்ணன் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லா வருசமும் போட்ட அதே சாம்பிராணிதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயு சிலிண்டரில் ஏதோ கோளாறு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

ஜெர்சன் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஓட்டம் பாதியைத் தாண்டி நாளாகியிருந்தது. நடுச்சேமிப்பு இல்லை என்பதால் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. தாமரைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம்" என்றான்.

"சிலிண்டர்ல கோளாறு இல்லப்பா. அந்தப் பெட்டியைத் திருப்பி வைக்கிற சாவி எங்கிட்ட இருந்துச்சு."

"தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"தெரியும். காலைல கையில எடுத்துப் பாத்தேன். திரும்பப் பையில போட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் மேடம்?"

"தெரியல" என்றாள். யோசித்துத்தான் சொன்னாள். வேறு பதில் இருந்தால் சொல்லியிருப்பாள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஜெர்சன் அவளைப் பார்க்காமல் தனக்குத்தானே முணுமுணுத்தான். அம்மா எல்லோரிடமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் டாக்டர் பட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். "இன்னைக்குச் சொல்லாத" என்றாள் தாமரைச்செல்வி. எழுந்து உள்ளே போனாள்.

கருப்பனை எழுப்புவது ஒரே ஸ்விட்சில் நடக்கிற காரியமில்லை. முதலில் குளிர், அறை குளிர்ந்த பிறகு சேமிப்பு வட்டுகள், அவை சுதாரித்த பிறகு தலைமைக் கணினி, அது பெயர் சொல்லிக் கூப்பிட மற்றவை ஒவ்வொன்றாக. விஜயதசமி முழுக்க அதிலேயே போனது. சில எழவே இல்லை. அவற்றைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். இரைச்சல் திரும்பியது. பழைய வேகத்தில் ஜெர்சனின் வேலையை முதலிலிருந்து ஓட்டினால், அதற்குப் பின்னால் எழுதி முடிப்பதற்குள் கார்த்திகை தாண்டிவிடும். கருப்பன் முழுவதையும் அவன் ஒருவனுக்கே விட்டால் எட்டிப் பிடிக்கலாம். அதற்கு வரிசையில் நிற்கிற மற்ற எல்லோருடைய வேலையும் நிற்க வேண்டும்.

ராஜபாண்டி தலையைச் சொறிந்தார். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தது குழு. அவர் இன்று மாற்றினால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். வரிசையில் நிற்கிறவர்கள் தாங்களாக விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சாவி விஷயத்தை அவரிடமும் அவள் சொல்லியிருந்தாள். அதற்கு அவர், அந்த நிலைமையில் யாருக்கும் ஆவதுதான், போகட்டும் என்று சொல்லிவிட்டார். போகட்டும் என்ற சொல் அவளுக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடலாம் என்றான் ஜெர்சன். தாமரைச்செல்வி வேண்டாம் என்றாள். பரவைக் கால்வாயில் தண்ணீர் குறைகிற வருஷம் வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முறை வராதவனுடைய பயிர் பால் பிடிக்கிற நேரமாக இருந்தால், முறை உள்ளவனிடம் போய்க் கேட்கலாம். ஆனால் ஆள் விட்டுக் கேட்கக் கூடாது. தானே போய் அவன் வரப்பில் நிற்க வேண்டும். முடியாது என்று அவன் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். இதெல்லாம் அவள் ஜெர்சனிடம் விளக்கவில்லை. துறை துறையாக நடந்துபோய் வாசலில் நின்றாள்.

இயந்திரவியல்காரர்கள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள்; அவர்களுடைய இஞ்சின் எப்படியும் அடுத்த வருஷம்தான். வேதியியலில் ஒருவர் அரை மணி நேரம் மின்வாரியத்தைத் திட்டிவிட்டுச் சரி என்றார். உயிர்த்தொழில்நுட்பத்தில் அஸ்வினி மட்டும் நாற்காலியைக் காட்டவில்லை. சின்ன வயதுப் பேராசிரியை. காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றில் எந்த மருந்து போய் உட்காரும் என்று ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தவணை உண்டு.

"நாலு மாசம் வரிசையில நின்னு எனக்கு இப்பத்தான் மேடம் முறை வந்திருக்கு. ஒங்க தப்புக்கு நான் ஏன் காயணும்?"

"ஆமா, என் தப்புதான்" என்றாள் தாமரைச்செல்வி.

கெஞ்சுவாள் என்றோ, வீட்டுக்காரரைச் சொல்லி அழுவாள் என்றோ எதிர்பார்த்து அஸ்வினி ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள் போல. அது பயன்படாமல் போனதில் கொஞ்சம் தடுமாறினாள். தாமரைச்செல்வி போகவில்லை. நின்றாள். கடைசியில் அஸ்வினி, தனக்கு ஒரே ஒரு அலமாரியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "அதுலயும் கை வச்சீங்கன்னா நானே வந்து சாம்பிராணி போடுவேன்" என்றும் சொன்னாள். தாமரைச்செல்வி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஒரு அலமாரி குறைந்ததில் கணக்கு மறுபடி இடித்தது. நாகமலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பெரிசாக வெட்டிக்கொள்வதாக ஜெர்சன் சொன்னான். அங்கே மழை கொஞ்சம் மொத்தையாகத் தெரியும். கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். தாமரைச்செல்வி வட்டுகளில் உட்கார்ந்து, எப்போதோ படித்துவிட்டுப் போன மாணவர்களின் மிச்சங்களையெல்லாம் அழித்தாள். நடுச்சேமிப்புக்கு இடம் கிடைத்தது. ஓட்டம் புதுசாகத் தொடங்கியது.

ஐப்பசி மழையும் தொடங்கியது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஜெனரேட்டர் உறுமி எழுகிற வரைக்கும் பேட்டரிகள் தாக்குப்பிடிக்குமா என்று ஜெர்சன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். தாமரைச்செல்வி திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவளுக்குப் பயம் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. பயம் இல்லாததால் கை நடுங்கவில்லை என்பது மட்டும்தான் அந்த மாதங்களில் அதனால் கிடைத்த லாபம். ஒரு தரம் பேட்டரி கைவிட்டது. கருப்பன் நின்றது. மறுபடி எழுப்பி, சேமித்த இடத்திலிருந்து விட்டார்கள். ஒரு பொழுதுதான் நஷ்டம். அன்றைக்கு ஜெர்சன் மலையம்மாளுக்கும் சேர்த்து வடை வாங்கி வந்தான்.

ஓட்டம் முடிந்தது ஒரு சாதாரண மத்தியானத்தில். மணி அடிக்கவில்லை, ஒன்றும் இல்லை. திரையில் ஒரு வரி வந்து நின்றது. ஜெர்சன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு படங்களைத் திறந்தான். சமவெளி முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மணி நேரத்துக்கு மணி நேரம் அதன்மேல் நீலம் ஊறியது. கண்மாய்கள் நிரம்பின, மறுகால் பாய்ந்தது, வாய்க்கால் வழி தெருக்களில் நீலம் இறங்கியது. அவன் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினான்.

"இது ஒங்க தெரு மேடம்."

அவள் குனிந்து பார்த்தாள். பரவையில் அவள் வீடு இருக்கிற கட்டத்தில் நீலம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க தெருவுல எப்ப மழை பேஞ்சாலும் தண்ணி நிக்கத்தான் செய்யும். இதுக்கா இம்புட்டுப் பாடு?"

"நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும் மேடம். எம்புட்டு மழைக்கு, எம்புட்டு நேரத்துல, எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு தெரியுமா? மேற்க கண்மாய் மறுகால் போச்சுன்னா ரெண்டே மணி நேரம். முழங்காலுக்கு ஏறிரும். இந்த ஸ்கூல் வாசல் மட்டும் தப்பிக்குது பாருங்க, மேடு."

அவன் சொன்னது அவளுக்குத் தெரியாதுதான். வீட்டுக்குள் இடுப்பளவு வந்த வருஷம்கூட எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வந்த பிறகுதான் பார்த்தார்கள். ஒங்க கருப்பன் ஓடுனா என்ன வரும் என்று கேட்டவருக்கு இப்போது பதில் இருந்தது. தண்ணீர்தான் வந்தது. சொல்வதற்குத் திரும்புகிற அளவுக்கு உடம்பு ஒரு கணம் தயாராகி, பிறகு நின்றது.

தவணை முடிவதற்குச் சில நாள் முன்பே ஜெர்சன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டான். ஆனிமேரி டீச்சர் கேக் செய்து அனுப்பினார். என்ன நடந்தது என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். சாவியைச் சொன்னானா என்று தாமரைச்செல்வி கேட்கவில்லை. அஸ்வினியின் பாக்கி முறையைத் திருப்பிக் கொடுத்தாள். சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொல்லி, அடையாள அட்டைக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அதில் மாட்டினாள். கருத்தக்கண்ணனை இரண்டு தரம் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். "இதச் சொல்லித் தந்திருந்தா நா என்ன வேணாம்னா சொல்லப்போறேன்" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. மத்தியானம் கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். பஸ்ஸில் வரும்போது முன்சீட்டில் இருந்தவர்கள் மேற்கே கண்மாய் மறுகால் பாய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தாமரைச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி வேகமாக நடந்தாள். தெருவில் அப்போதுதான் கணுக்கால் அளவு தண்ணீர். ஜெர்சனின் படத்தில் வந்த அதே பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடின. தண்ணீர் இன்னும் ஏறும், சாமான்களை மேலே ஏற்றுங்கள் என்று எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொன்னாள். எப்பவும் நிக்கிறதுதானே என்றார்கள். ரெண்டு மணி நேரத்தில் முழங்காலுக்கு வரும் என்று அவள் சொன்ன விதத்தைப் பார்த்து, அரிசி மூட்டையைத் தூக்கினார்கள்.

தன் வீட்டில் தூக்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பியபோது வண்டி கண்ணில் பட்டது. சாக்கை உருவினாள். பிடியில் தூசு பசைபோல ஒட்டியிருந்தது. ஸ்டாண்டை எடுத்துத் தள்ளினாள், வண்டி அசையவில்லை. இரண்டு டயரும் படுத்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி மறுபடி தள்ளினாள். அப்போது உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சில்லென்று ஏறியது. பல் தானாக அடித்துக்கொண்டது. அவள் ஒரு நிமிஷம் பிடியைப் பற்றியபடி அப்படியே நின்றாள்.

எதிர்வீட்டு அழகுபாண்டி அரிசி மூட்டையை மாடிப்படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னத்தா, இத எங்க கொண்டு போற?"

"ஸ்கூல் வாசலுக்குண்ணே. அங்க ஏறாது."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் கையை வைத்தார். வண்டி ஓர் அடி நகர்ந்து நின்றது.

"கனக்குதேத்தா."

"காத்து இல்லண்ணே" என்றாள் தாமரைச்செல்வி. "குளிருது. சீக்கிரம் தள்ளுங்க."